சோப்புப் பார்த்த நாக்கு

காரம் மிஞ்சிய சோப்பை நாக்கின் நுனியில் வைத்தால் சுளீரென்று ஒரு சின்னக் கடி விழும். மிளகாய் பட்ட எரிச்சல் மாதிரி இருக்காது, எறும்புக் கடி மாதிரியும் இருக்காது. ரேடியோப் பெட்டியில் போடுகிற சதுரப் பேட்டரிக் கட்டையை நாக்கில் தொட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு அது தெரியும். நுனியில் விழுந்து, பல்லின் வேர் வரைக்கும் ஏறி, வாயெல்லாம் நீர் ஊறவைத்துவிட்டுப் போகும். நல்ல சோப்பு அப்படிச் செய்யாது. வழவழவென்று, பழைய எண்ணெயின் வாடையோடு, நாக்கின் மேல் சும்மா கிடக்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சொல் இருந்தது. கடித்தால் சோப்பு "பேசுது" என்போம், கடிக்காவிட்டால் "பேசல" என்போம். பேசுகிற சோப்பு துணியை அரிக்கும், கையைத் தின்னும். பேசாத சோப்புதான் வேண்டும். அது பேசுகிறதா இல்லையா என்று சொல்லுகிற வேலை எனக்கு, என் ஒன்பதாவது வயதில்.

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், ஒற்று விட்ட இடங்களில் மருமகள் போட்டுக் கொடுத்தாள். ஆனால் யாரும் குறைத்து நினைத்துவிட வேண்டாம், கொடைக்கானல் பஜாரில் என்னை ஏமாற்றி ஒரு கிலோ உருளைக்கிழங்கு விற்றவன் இன்றுவரை இல்லை.

நயா பைசா வந்த புதிது அது. செண்பகனூருக்கு மேலே, சரிவில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு எங்களுடையது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். பேரிக்காயும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று இறங்கினால் திரும்பி வர நாலு நாள் ஆகும். அம்மாவின் பெயர் செல்லத்தாய். ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பங்களாவில் பத்து வருஷம் துணி வெளுத்தவள். உலகச் சண்டைக் காலத்தில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தத் துரைசானி வீட்டிலேயே சோப்புக் காய்ச்சப் பழகி, சண்டை முடிந்த பிறகும் விடாமல் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். பிறகு கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போகும்போது, சோப்பை ஊற்றி வைக்கும் மரப்பெட்டியையும், அளந்து போடுகிற, கைப்பிடி உடைந்த ஒரு பீங்கான் கோப்பையையும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாவிடம் இருந்த கணக்கெல்லாம் அந்தக் கோப்பைதான். எண்ணெய் ஆறு, தண்ணீர் இரண்டு, காஸ்டிக் சோடா ஒன்று. துரைசானி தராசும் வைத்திருந்திருப்பாள், தாளில் எழுதியும் வைத்திருந்திருப்பாள். அம்மா கண்ணில் பட்டதும் கையில் நின்றதும் கோப்பைதான்.

பங்களா பூட்டியபின் அம்மா, ஏரிக்கு மேலே இருந்த ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்கு வெளுக்கப் போனாள். அதன் பெயர் இங்கே வேண்டாம். முப்பது பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட மேட்ரனம்மா உயரமான, சிரிக்கத் தெரியாத, ஆனால் சொன்ன சொல் மாறாத மனுஷி. கடைச் சோப்பு கட்டுப்படியாகவில்லை என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"நான் காய்ச்சித் தரேங்க. வருசம் பூரா தரேன். எம் மகள சேத்துக்குங்க."

மேட்ரனம்மா, "முதல்ல காய்ச்சிக் கொண்டாங்க. பாக்கலாம்" என்றாராம்.

மலைப் பள்ளிக்கூடங்களுக்குக் குளிருக்குத்தான் நீண்ட லீவு. தை மாசக் கடைசியில் திறப்பார்கள். அதற்குள் முப்பது பிள்ளைகளுக்கு உடம்புக்கும் துணிக்கும் ஆகிறமாதிரி சோப்பு கொண்டுவந்து அடுக்கினால், எனக்கு ஒரு கட்டில், மூன்று வேளைச் சோறு, மூன்றாம் வகுப்பில் ஒரு இடம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் தூரம், காட்டுப் பாதை, மழைக்காலத்தில் கால் நிறைய அட்டை; போன நாளைவிடப் போகாத நாள் அதிகமாகி, கடைசியில் யாரும் கேட்கவும் இல்லை. ஆக, சோப்பு இறுகினால் எனக்குப் படிப்பு. ஆவணி மாசத்தில் இதை அம்மா என்னிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னாள், நான் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டேன்.

முதல் தடவை சோப்பே வரவில்லை. அப்பா சந்தையில் வாங்கி வந்த புது அலுமினியக் குண்டானில் அம்மா காஸ்டிக்கைக் கரைத்தாள். தண்ணீர் தானாகக் கொதித்தது, அது கொதிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் நுரைத்து, கறுத்து, மூக்கைக் குத்துகிற ஆவியோடு பொங்கி அடுப்பு மேடையில் வழிந்தது. குண்டானைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஊசி ஓட்டைகள், வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் பஜாரில் ராவுத்தர் கடைக்குப் போனோம். எண்ணெய், காஸ்டிக், மண்ணெண்ணெய் எல்லாம் அவரிடம்தான். குண்டானைத் தூக்கி, ஓட்டை வழியாக அம்மாவை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"என்ன செல்லத்தாயி, சோப்பு காய்ச்சுனியா, சல்லடை செஞ்சியா?"

"கேலி பேசாதீங்க பாய். எதனாலன்னு சொல்லுங்க."

"அலுமினியத்த அது தின்னுரும் தாயி. எனாமலு வேணும், இல்லாட்டி மண்பான. ஒந் துரைசானி எதுல காய்ச்சுச்சு?"

அம்மா யோசித்தாள். வெள்ளையாக, நீல விளிம்பு போட்ட பேசின். பத்து வருஷம் பார்த்த பாத்திரம், அது எதனால் செய்தது என்று பார்த்ததில்லை.

எனாமல் பேசின் வந்தது. இரண்டாவது தடவை புரட்டாசியில், மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்காத மழைக் குளிரில். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் வருஷம் முழுக்க உறைந்தேதான் கிடக்கும். ராவுத்தர் கடையில் அதைக் கரண்டியால் தோண்டித்தான் போடுவார்கள். அதை உருக்கி, காஸ்டிக் தண்ணீரை ஊற்றி, யூகலிப்டஸ் கம்பால் கை கடுக்கக் கிண்டி, பெட்டியில் ஊற்றினோம். காலையில் பார்த்தால் மேலே நெய் மாதிரி வெள்ளைப் படலம், அடியில் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த அப்பா பெட்டியை எட்டிப் பார்த்து, "புருசன் பொண்டாட்டி சண்ட போட்டுப் படுத்தாப்ல கெடக்கு" என்றார். அம்மா சிரிக்கவில்லை. பேசினின் வெளிப்பக்கத்தை மணிக்கட்டின் உள்பக்கத்தால் தொட்டுத் தொட்டு, எண்ணெயும் காரத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கும்போதுதான் சேர்க்க வேண்டும், ஊற்றிய பெட்டியைப் பச்சைப் பிள்ளையைப் போல் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். எனக்கும் அப்பாவுக்கும் இருந்த ஒரு கம்பளி அதற்குப் போனது. நாங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டோம்.

மூன்றாவது தடவை இறுகியது. நூலால் அறுத்தோம். அறுத்த முகத்தில் அங்கங்கே அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வேர்த்த மாதிரி ஈரம். இங்கேதான் என் வேலை வந்தது. அம்மாவின் நாக்கு வெற்றிலையிலும் சுண்ணாம்பிலும் புகையிலையிலும் ஊறின நாக்கு. மலைக் குளிருக்கு அது இல்லாமல் அவளால் தண்ணீரில் கை வைக்க முடியாது. "எம் நாக்கு செருப்புத் தோலாட்டம் ஆயிருச்சு. நீ பாருத்தா" என்று ஒரு துண்டை நீட்டினாள். இதற்கு முன்னால், இரண்டாவது தடவை எடுத்த படலத்தைத் தொட்டுப் பார்த்து "பேசுதும்மா" என்று சொன்னவளும் நான்தான். நாக்கை நீட்டி, கண்ணை மூடி, பெரிய மனுஷியைப் போல் நின்று சொல்லுவேன். அப்பாகூடப் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லுக்காக ஒரு வீடு காத்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வெள்ளைப் புள்ளி ஒன்றின் மேல் நாக்கு நுனியை அழுத்தி வைத்தேன். அது சோப்பு இல்லை, கரையாமல் கிடந்த காஸ்டிக். சுளீர் என்பதெல்லாம் இல்லை. நுனியை யாரோ கிள்ளி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அம்மா கஞ்சித் தண்ணீரை வாயில் ஊற்றி ஊற்றித் துப்பச் சொன்னாள். நுனி வெள்ளையாகி, தோல் உரிந்து, ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடித்தேன். பிறகு ஆறிப்போனது. பார்க்க எப்போதும்போலச் சிவப்பாக இருந்தது. உப்புக் கல்லை நுனியில் வைத்துப் பார்த்தேன், கல் இருப்பது தெரிந்தது, உப்பு தெரியவில்லை. மிளகாயை வைத்தேன், அதுவும் அப்படித்தான். மரத்துப் போயிருந்தது. சாப்பிடும்போது நாக்கின் ஓரங்களில் ருசி தெரிந்ததால் நான் சொல்லாமல் யாருக்கும் தெரிய வழி இல்லை.

நான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருக்கவில்லை, அம்மா அடிக்கிறவள் இல்லை. அந்த வீட்டில் எனக்கு இருந்த உத்தியோகம் அது ஒன்றுதான். அதை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது தடவை ஐப்பசிக் கடைசியில். காஸ்டிக்கை நன்றாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரே சூட்டில் சேர்த்து, கம்பளியில் சுற்றி, எல்லாம் சரியாகச் செய்தும் அது இறுகவில்லை. நான்கு நாள் ஆகியும் களி மாதிரிக் கிடந்தது. அம்மா பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து காஸ்டிக் டின்னைத் திறந்தாள். ஆவணியில் வாங்கிய டின், மூடி சரியாக உட்காராதது. எங்கள் வீட்டுக்குள் மேகம் வாசல் வழியாக வந்து பின்கதவு வழியாகப் போகும், துணி காயாது, தீக்குச்சி பற்றாது. டின்னுக்குள் கட்டி கட்டியாக இருந்த காஸ்டிக் கசிந்து, பனைவெல்லம் இளகின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

ராவுத்தர் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, "மேகத்தக் குடிச்சிருக்கு தாயி. பாதி தண்ணி, பாதிதான் சரக்கு. கூடப் போடு" என்றார்.

ஒரு கோப்பைக்கு ஒன்றரை போட்டாள். இறுகியது. வெண்ணெய் நிறத்தில், நகம் பட்டால் தழும்பு விழுகிற பதத்தில், அருமையான சோப்பு. அம்மா நீட்டினாள், நான் நாக்கை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். வழவழப்புத் தெரிந்தது.

"என்னத்தா சொல்லுது?"

"பேசலம்மா. நல்லாருக்கு."

அது உண்மையிலேயே நல்ல சோப்புதான், பிறகு அது தெரிந்தது. மேட்ரனம்மா அதைக் கையில் வாங்கி முகர்ந்து, பத்து நாள் தானே தேய்த்துக் குளித்துப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இருக்கணும், செல்லத்தாய். இதுல மாறக்கூடாது" என்றார். முப்பது பேருக்கு ஆகிற மாதிரி ஆறு பெட்டி சோப்பு, மார்கழிப் பிறப்பில் காய்ச்சினால் பரணில் காய்ந்து தைக் கடைசிக்குச் சரியாக இருக்கும். பழைய டின் தீர்ந்திருந்தது. ராவுத்தர் புது டின்னை எடுத்து வைத்தார்.

"சீல் ஒடைக்காத சரக்கு. பாத்து அளந்து போடு தாயி."

நானும் அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றோம்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தபோது, உள்ளே உப்புப் பொரிந்த மாதிரி வறண்ட, வெள்ளைச் சில்லுகள் சலசலவென்று இருந்தன. அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அதை நான் பார்த்தேன். அவள் ஒன்றும் யோசனை இல்லாதவள் இல்லை.

"புது டின்னுல்ல? ஒண்ணே போதுமோ? ஒண்ணு போட்டு எறுகாமப் போச்சுன்னா ஆறு பெட்டி எண்ணெயும் போச்சு." பிறகு கோப்பையை டின்னுக்குள் விட்டபடி சொன்னாள்: "போன தடவ அளவே போடுவம். கூடிப்போச்சுன்னா ஒன் நாக்கு சொல்லிரும்ல. மறுபடி எண்ணெய ஊத்திக் காய்ச்சிக்கிருவம்."

சரிம்மா என்றேன்.

அப்படி ஒரு சோப்பு அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் வந்ததில்லை. பால் வெள்ளை. அறுக்கும்போது ஓரம் உதிர்ந்தது. இரண்டு கட்டியை ஒன்றோடொன்று தட்டினால் கூழாங்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் எடை பார்த்துவிட்டு, "ஒங்க ரெண்டு பேரையும் லாரில ஏத்தி மதுரைக்குக் கொண்டு போயிரலாம் போலயே. கம்பெனியே வச்சிரலாம்" என்றார். அம்மா முதல்தடவையாகச் சிரித்தாள். வெற்றிலைக் காவி படிந்த பல்லெல்லாம் தெரிந்தது. ஒரு ஓரத்தை ஒடித்து என்னிடம் நீட்டினாள்.

வைத்தேன். சும்மா கிடந்தது. அவர்கள் இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கு" என்றேன். "பேசவே இல்ல."

இதைப் பற்றி அறுபது வருஷத்துக்கு மேலாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதா, கை நடுங்கியதா என்றெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சொன்னேன், அம்மா கட்டிகளைப் பரணில் அடுக்கினாள், நான் கீழே நின்று எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

தைக் கடைசியில், பேரிக்காய்க் கூடை இரண்டில் காய்ந்த பெரணி இலையை விரித்து, சோப்பை அடுக்கி, அப்பா ஒன்றும் அம்மா ஒன்றுமாகச் சுமந்து போனார்கள். நான் தகரப் பெட்டியோடு பின்னால் போனேன். எனக்கு ஒரு இரும்புக் கட்டில், சாம்பல் நிறக் கம்பளி, இரண்டு வெள்ளைச் சட்டை, இரண்டு நீலப் பாவாடை. கம்பளியைச் சோப்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அது முழுக்க எனக்கு. மூன்றாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சு. டீச்சர் முதல் வாரமே மை தொட்டு எழுதக் கற்றுக்கொடுத்தார். "பாக்கியம்" என்று என் பெயரை நோட்டில் வரிசையாக நாற்பது தடவை எழுதினேன். என் பெயரில் நடுவில் ஒரு "க"வுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் புள்ளியை இன்றும் அழுத்தித்தான் வைக்கிறேன்.

என் பக்கத்துக் கட்டில் ரோசியுடையது. தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்தவள், ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அவளுக்குத் தலை வாரிவிடுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். "அக்கா, ஒங்கம்மாவா சோப்பு செஞ்சாங்க? ஒங்கம்மாவுக்கு மிட்டாய் செய்யத் தெரியாதா?" என்று கேட்பாள்.

விடுதிக்குப் பின்னால் நீளமான சிமெண்டுத் தொட்டி. காலை ஆறு மணிக்கு அதில் ஐஸ் மாதிரித் தண்ணீர். கையை விட்டதும் விரலெல்லாம் மரத்துவிடும், சோப்பு கடித்தாலும் அப்போது ஒருத்திக்கும் தெரியாது. உள்ளே வந்து, சமையலறை அடுப்புக்கு முன்னால் கையை நீட்டிச் சூடேறிய பிறகுதான் எரியும். நாலாம் நாளிலிருந்து பிள்ளைகள் அடுப்புக்கு முன்னால் கையை உதறத் தொடங்கினார்கள். "பனிக் கடி" என்றாள் விடுதி ஆயா. எல்லாருக்கும் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். ஏழாம் நாள் விரல் இடுக்குகளில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தது. என் கையிலும்தான். நான் என் கையை மோந்து பார்த்தேன், உள்ளங்கையைப் பார்த்தேன். சோப்புதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் நான் போய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, வகுப்புக்குப் போனேன், ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்தேன்.

பதினோராம் நாள் காலையில் ரோசி முகத்துக்குச் சோப்புப் போட்டாள். முகத்தில் நுரையோடு, என்னைச் சிரிக்கவைக்கக் கண்ணை அகலத் திறந்து காட்டினாள். பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார்கள். மேட்ரனம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், ஆஸ்பத்திரிக்கு இறங்கி ஓடினார்.

மறுநாள் அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். மேட்ரனம்மா மேசை மேல் ஒரு கட்டிச் சோப்பு இருந்தது. பிள்ளைகளின் கைகளைப் பற்றியும் ரோசியின் கண்ணைப் பற்றியும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அம்மா நின்றுகொண்டே கேட்டாள். பிறகு, "இருக்காதுங்க. நான் சோதிச்சுப் பாக்காம ஒண்ணும் தரல. எம் மக நாக்கு தப்புச் சொல்லாது" என்று, சோப்பில் ஒரு சில்லை ஒடித்து என்னிடம் நீட்டினாள். "பாருத்தா. அவுகளுக்குச் சொல்லு."

வாங்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் மேட்ரனம்மா, இந்தப் பக்கம் அம்மா, கதவோரம் ஆயா. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கை நீட்டி வைத்தேன். எப்போதும்போல வழவழப்பு.

"நல்லாருக்கு" என்றேன்.

மேட்ரனம்மா என் கையிலிருந்து அந்தச் சில்லை எடுத்து, தன் நாக்கில் தொட்டார். முகம் சுருங்கியது, ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினார், கைக்குட்டையால் வாயை அழுத்திக்கொண்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். டின்னைத் திறந்து, உள்ளே இருந்தது எதனால் கெட்டது என்று பார்த்தாளே, அந்த மாதிரிப் பார்த்தாள்.

பிறகு மேட்ரனம்மா பக்கம் திரும்பி, "எம் பிள்ள மேல தப்பில்லீங்க. அளவக் கூட்டுனது நாந்தான்" என்றாள்.

"தப்பு யார் மேலன்னு நான் கேக்கல, செல்லத்தாய்" என்றார் மேட்ரனம்மா. "இவள வச்சிருந்தா நாளைக்கு அந்தப் பிள்ளையோட அப்பா வந்து என்னைக் கேப்பார்."

தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த சோப்பைக் கூடையில் அடுக்கி அம்மா தலையில் வைத்துக்கொண்டாள். செண்பகனூர் வளைவு வரைக்கும் மேகம் இறங்கி ரோடு மறைந்திருந்தது, முன்னால் போகிற அம்மாவின் குதிகால் மட்டும் தெரிந்தது. வளைவில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"எப்பருந்து?"

"மூணாந் தடவைலருந்தும்மா."

தலையில் இருந்த கூடையைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லிருக்கலாம்ல" என்றாள். பிறகு நடந்தாள். அதற்குப் பிறகு, அவள் சாகிற வரைக்கும், இருபத்தாறு வருஷம், இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சோப்பையெல்லாம் துருவி, எண்ணெய் சேர்த்து, அம்மா மறுபடி காய்ச்சினாள். நன்றாக வந்தது. ராவுத்தர் கடைக்குக் கொண்டுபோய் அவர் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். "அடப்பாவி மகளே, நோன்பு நாள்ல சோப்பத் திங்கச் சொல்றியே" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறந்ததும் பார்த்துச் சொல்லி அனுப்பினார். பேசவில்லையாம். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் அதைத்தான் தேய்த்துக் குளித்தோம். ரோசி கண்ணில் கட்டோடு தாண்டிக்குடிக்குப் போனாள் என்று ஆயா சொன்னாள். திரும்பி வரவில்லை. கண் சரியானதா என்று எனக்குத் தெரியாது. தாண்டிக்குடி ஜீப்பு நிற்கிற இடத்தில் அவள் வயதுப் பெண் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். பல்லெல்லாம் முளைத்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்திருந்தால் அடையாளம் எங்கே தெரியப் போகிறது.

இப்போது ராவுத்தர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். விடுதி இருந்த இடம் ஹோட்டல். சிமெண்டுத் தொட்டி இருந்த பக்கம் கார் நிறுத்துகிறார்கள். வீட்டுக்குள் வாசல் வழியாக வந்து பின்கதவு வழியாகப் போகிற மேகமும் முன்னைப் போல் வருவதில்லை, வந்தாலும் என் மகன் போட்ட கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நான் வைக்கிற குழம்பில் உப்பு கூடவோ குறையவோ இருக்கும், மருமகள் ஒன்றும் சொல்லாமல் சரி செய்துகொள்வாள்.

போன மாசம் கண்ணாசுபத்திரிக்குப் போய்த் திரும்பும்போது, ஏரி ரோட்டில் ஒரு சின்னக் கடையில் சோப்பு அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டிலேயே கையால் காய்ச்சியது, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி. கடையில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். சுற்றாத கட்டி ஒன்றை எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்தேன், இன்னொன்றோடு தட்டிப் பார்த்தேன், பிறகு யோசிக்காமலே நாக்கு நுனியில் வைத்துவிட்டேன்.

"அய்யய்யோ பாட்டிம்மா, அது கேக்கு இல்ல, சோப்பு!" என்று சிரித்தாள். மருமகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எங்கம்மாவும் அப்படித்தான் பாப்பாங்க. நேத்து அறுத்தது அது, இன்னும் நாங்க பாக்கல. எப்டி இருக்கு பாட்டிம்மா, சொல்லுங்க" என்று மேசை மேல் சாய்ந்து என் வாயைப் பார்த்தாள்.

வழவழப்பாக இருந்தது. பால் வெள்ளை. தட்டியபோது கூழாங்கல் சத்தம் கேட்டிருந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "என் நாக்கு செத்துப் போச்சு. ஒங்கம்மாவப் பாக்கச் சொல்லு. பாக்காம யாருக்கும் குடுக்காத."

அவள் அந்தக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே தனியாக வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் படியிறங்கினேன்.